கம்பியில் கோத்த எலுமிச்சை

கார் ஏ.சி.யில் குளிர் குறைந்துவிட்டால் நம் ஊரில் எல்லோரும் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: கேஸ் அடிக்கணும். சைக்கிளுக்குக் காற்று அடிப்பது போல, அடுப்புக்கு சிலிண்டர் மாற்றுவது போல அவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் மக்கா, அந்த கேஸ் தீர்ந்துபோகிற சரக்கே இல்லையாம். பெட்ரோல் எரியும், தீரும். இது எரிவதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வந்து, வண்டிக்குள் இருக்கும் சூட்டை வாங்கிக்கொண்டு போய் வெளியே கொட்டிவிட்டுத் திரும்பும். அது குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். ஓட்டையைத் தேடாமல் கேஸ் அடித்துக்கொண்டே இருப்பது, பொத்தல் குடத்தில் தண்ணீர் பிடித்து இடுப்பில் வைத்துக்கொண்டு நடப்பது போலத்தான்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவள் விஜயஸ்ரீ. பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் கோமு ஆச்சி வீட்டு மூத்த மருமகள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். புருஷன் ஐயம்பெருமாள், கல்யாண வேட்டியின் மடிப்பு கலையும் முன்னே மஞ்சள் காமாலையில் போய்விட்டான். பிள்ளை இல்லை. பிறந்த வீட்டில் வா என்று கூப்பிட அப்பா அம்மா இல்லை. அதனால் அந்த வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

இருந்ததற்கு இன்னொரு காரணம் ஆதிரை. இளையவன் குருபிரசாத்தின் மகள். குருபிரசாத் வங்கியில் அதிகாரி, அவன் மனைவி நித்யாவுக்கு மருந்துக் கம்பெனியில் வேலை. இரண்டு பேரும் காலையில் கிளம்பினால் விளக்கு வைத்த பிறகுதான் வருவார்கள். பிள்ளைக்கு நகம் வெட்டுவது, பின்னல் போடுவது, காய்ச்சலென்றால் நெஞ்சில் சாய்த்துக்கொண்டு நடப்பது எல்லாம் விஜயஸ்ரீதான். "பெரியம்மை" என்று அது கூப்பிடுகிற குரல் எங்கள் வீட்டு அடுக்களை வரைக்கும் கேட்கும்.

கோமு ஆச்சி கெட்டவள் என்று நான் சொல்லமாட்டேன். விஜயஸ்ரீக்கு டெங்கு வந்தபோது ஆஸ்பத்திரி வாசலைவிட்டு நகராமல் உட்கார்ந்திருந்தவள் அவள்தான். ஆனால் வளர்ந்த பிள்ளையைத் தூக்கிக் கொடுத்தவளுக்குள் பயம் ஒன்று புகுந்துவிட்டால் அது எந்தப் பக்கம் முகம் திருப்பும் என்று யாருக்குத் தெரியும்? அந்த பயம் கார் வந்த பிறகு விஜயஸ்ரீ பக்கம் திரும்பியது.

குருபிரசாத் வங்கிக்குப் போவது பைக்கில். கார் வெளியூர்ப் பயணத்துக்குத்தான். நித்யாவின் பிறந்த வீடு தென்காசி. ஆச்சி, மகன், மருமகள், பேத்தி மட்டும் அங்கே போனால் கார் குளுகுளுவென்று போய்வந்துவிடும். விஜயஸ்ரீயும் சேர்ந்து ஏறுகிற பயணத்தில் பாதி வழியில் குளிர் நின்றுவிடும். வீடு திரும்பியதும் குருபிரசாத் பட்டறையில் விட்டு மறுபடி கேஸ் அடித்து வருவான். முதல் தடவை திருச்செந்தூர் போகும்போது. அடுத்து ஒரு கல்யாணத்துக்குக் கோவில்பட்டி போகும்போது. பிறகு போன பங்குனி உத்திரத்துக்கு முக்கூடல் பக்கம் சாஸ்தா கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது. அன்றைய வெயில் உங்களுக்கு நினைவிருக்கும். ஜன்னலைத் திறந்தால் அனல், மூடினால் புழுக்கம். ஆதிரை பெரியம்மை மடியிலேயே வாந்தி எடுத்து, கண் செருகி, துவண்டுவிட்டாள். சேரன்மகாதேவியில் நிறுத்தி மோர் வாங்கிக் கொடுத்து முகத்தில் தண்ணீர் தெளித்த பிறகுதான் கண் திறந்தாள்.

பிள்ளையை விஜயஸ்ரீ மடியிலிருந்து வாங்கித் தன் மடியில் போட்டுக்கொண்ட ஆச்சி, யாரையும் பார்க்காமல் சொன்னாளாம்: "கண்ணு பட்டுட்டு."

யார் கண் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. அதன் பிறகு பிள்ளைக்குப் பின்னல் போடுவது ஆச்சியின் வேலையாயிற்று. பெரியம்மை அறையில் தூங்குவது நின்றது. விஜயஸ்ரீ சாப்பிடும்போது ஆதிரை பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், "ஏட்டி, இங்கன வா" என்று ஒரு குரல் வரும். அவ்வளவுதான். சண்டை இல்லை, ஏச்சு இல்லை. பிள்ளையோடு இருந்த ஒட்டுதல் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து குறைந்துகொண்டே வந்தது.

இந்த வருஷமும் உத்திரம் வந்தது. நம் பக்கத்தில் யார் எங்கே இருந்தாலும் அன்றைக்குத் தன் குலசாமியான சாஸ்தாவைத் தேடிப் போய்ப் பொங்கலிட வேண்டும். மூத்த மருமகளை வராதே என்று சொல்ல முடியாது. அதனால் ஆச்சி வேறு ஒன்று சொன்னாள். வண்டியில் நெரிசலாக இருக்கும், விஜி பஸ்ஸில் வந்துவிடட்டும் என்றாள். ஐந்து பேர் ஏறுகிற காரில், ஒரு பிள்ளையையும் சேர்த்து ஐந்தே பேர். கணக்கு டீச்சருக்கு அந்த நெரிசல் புரிந்தது.

உத்திரத்துக்கு முந்தின வாரம் குருபிரசாத் வழக்கம்போல் காரை இசக்கிதுரை பட்டறையில் விட்டுவிட்டு, கேஸ் அடித்து வை என்று சொல்லிப் போனான். பட்டறை சமாதானபுரம் தாண்டிப் பெரிய ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. விஜயஸ்ரீ பள்ளிக்கூடம் விட்டு நேரே அங்கே போனாள். சேலைத் தலைப்பில் சுண்ணாம்புக்கட்டித் தூள் ஒட்டியிருந்தபடியே போனாள்.

"கேஸ் அடிக்க வேண்டாம் துரை. எங்கன ஒழுகுதுன்னு பாத்துச் சொல்லுங்க."

அதற்கு நேரம் பிடிக்கும், வண்டியைப் பிரிக்க வேண்டும், சார் அப்படிச் சொல்லவில்லையே என்று அவன் இழுத்தான். கேஸ் அடித்து அனுப்புவது எளிது. வருஷா வருஷம் வண்டி திரும்பி வரும். யாரும் ஓட்டையைத் தேடச் சொன்னதில்லை, அவனும் வலியப் போய்ச் சொன்னதில்லை. போகிற போக்கில் குழாய் மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்ப்பான். நுரை கிளம்பாவிட்டால் கேஸை ஏற்றி அனுப்பிவிடுவான்.

"சாருக்கு கேஸ் போதும். எனக்கு ஓட்டை வேணும்," என்றாள் விஜயஸ்ரீ.

இசக்கிதுரை சிரித்துவிட்டான். "ஊருல எல்லாரும் ஓட்டைய அடைச்சுத் தாலேம்பாவ. ஓட்டை வேணும்னு கேட்டு வந்தது நீங்க ஒருத்திதான் டீச்சர்."

அவள் சிரிக்கவில்லை. குளிர் நிற்பது தன் கண்ணால் என்று வீட்டில் பேச்சு இருப்பதையும், பிள்ளையைத் தன்னிடம் விடுவதில்லை என்பதையும் ஸ்பானர் மாட்டிய சுவரைப் பார்த்தபடி சொன்னாள். ஓட்டை ஒன்று கிடைத்துவிட்டால் குளிர் நின்றது தன்னால் இல்லை என்று ஆகிவிடும் என்றாள்.

அவன் முகம் மாறிவிட்டது. போன வருஷம் கேஸ் ஏற்றும்போது கோமு ஆச்சி பட்டறையில் வந்து நின்று, மூத்தவள் ஏறினாலே இப்படி ஆகிறது என்று குறைப்பட்டிருக்கிறாள். "கண்ணுதான் ஆச்சி, வேற என்ன" என்று அவனும் சொல்லியிருக்கிறான். வாடிக்கைக்காரிக்கு உபசாரமாகச் சொன்ன பேச்சு. வாயிலிருந்து விழுந்ததும் மறந்தும்விட்டான். அந்தப் பேச்சு ஒரு வீட்டுக்குள் போய்ப் பாய் விரித்துப் படுத்திருக்கிறது என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

வண்டியை நாளைக்கும் இங்கேயே விட்டுவிடுங்கள் என்றான்.

மறுநாள் சனிக்கிழமை. விஜயஸ்ரீ மதியமே போய் ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்துவிட்டாள். ஏ.சி. குழாய்க்குள் சாயம் ஒன்றைக் கொஞ்சம் கேஸோடு சேர்த்து ஏற்றி, இன்ஜினை ஓடவிட்டிருந்தான் இசக்கிதுரை. சாதாரண வெளிச்சத்தில் அந்தச் சாயம் கண்ணுக்கு எடுபடாது. இருட்டில் ஒரு ஊதா விளக்கைப் பிடித்தால், கசிந்த இடம் மட்டும் பச்சையாக மினுங்கும். ஷட்டரை இறக்கினான். உள்ளே சாமி மூலஸ்தானம் மாதிரி இருட்டு. வெக்கை அப்பியது.

விளக்கை ஒவ்வொரு மூட்டாகக் காட்டிக்கொண்டே போனான். ஒன்றும் மினுங்கவில்லை. கம்ப்ரஸரைச் சுற்றி இருட்டு. ரப்பர் குழாய்களிலும் இருட்டு. எங்கேயும் ஓட்டை இல்லை என்றால்? அப்படியானால் அவர்கள் சொல்வதுதானா? அப்போது தானே தன்னைச் சந்தேகப்பட்டதாகப் பிற்பாடு என்னிடம் சொன்னாள். "ஒரு நிமிஷம் நம்பிட்டேன் பாத்துக்கிடுங்க," என்றாள். அதைச் சொல்லும்போதுதான் அவளுக்குக் கண் கலங்கியது. மற்ற எதற்கும் கலங்கவில்லை.

கடைசியில் இசக்கிதுரை முன்பக்க பம்பரைக் கழற்றினான். அதற்குப் பின்னால், ரேடியேட்டருக்கு முன்னே, சல்லடை மாதிரி ஒரு அலுமினியத் தட்டு நிற்கும். கண்டென்சர் என்பார்கள். கேஸ் தன் சூட்டைக் கொட்டுகிற இடம் அது. அதன் குழாய்கள் நகத்தால் அழுத்தினாலே பள்ளம் விழுகிற அளவுக்கு மெல்லியவை. விளக்கை அங்கே கொண்டுபோனதும், ஒரு மூலையில் பாசி படிந்தாற்போல் பச்சை வழிந்து கிடந்தது.

நடுவில் ஒரு குருவிக் கூடு.

முதலில் அப்படித்தான் தெரிந்ததாம். கைவிட்டு எடுத்துப் பார்த்தால் எல்லாம் கம்பித் துண்டுகள். துருப்பிடித்த கட்டுக்கம்பி, முறுக்கி முறுக்கி வெட்டிவிட்டவை. இடையிடையே காய்ந்த மிளகாய்க் காம்பும் எலுமிச்சை விதையும். பழத்தின் புளிப்பு வழிந்து அலுமினியம் வெள்ளைவெள்ளையாய்ப் பூத்திருந்தது. ஒரு கம்பியின் முனை குழாய்க்குள் இறங்கி நின்றது.

உங்களுக்குப் புரிந்திருக்கும். திருஷ்டிக்கு எலுமிச்சையும் மிளகாயும் கரித்துண்டும் கம்பியில் கோத்து வண்டி முகப்பில் கட்டுகிறோம் இல்லையா, அதுதான். கோமு ஆச்சி கம்பியைக் கிரில்லுக்குள் விட்டுப் பின்னாலிருப்பதோடு சேர்த்து இறுக்கி முறுக்கிவிடுவாள். பயணம் முடிந்ததும் பழத்தை வெட்டியெடுத்து முச்சந்தியில் போட்டுவிடுவாள். திருஷ்டி வாங்கிய பழத்தை வைத்திருக்கக் கூடாது, பிறர் தொடவும் கூடாது. அதனால் பட்டறைக்கு வரும்போது வண்டி முகப்பு சுத்தமாக இருக்கும். முறுக்கிய கம்பி மட்டும் உள்ளேயே தங்கிவிடும். அழுக்கும் எண்ணெயும் சேர்ந்து பழைய பொத்தல் ஒருமாதிரி அடைத்துக்கொள்ளும், புதுக் கம்பி குத்தும்போது மறுபடி திறந்துகொள்ளும் என்றான் இசக்கிதுரை.

அதைக் கேட்டதும் கணக்கு டீச்சர் மனதுக்குள் ஒரு கணக்கு நேராகி நின்றது. தென்காசிக்குப் போகும்போது ஆச்சி பழம் கட்டியதே இல்லை. விஜயஸ்ரீ ஏறுகிற பயணத்துக்கு மட்டும், முந்தின நாள் பொழுது சாய்ந்ததும் கட்டுவாள். அவளுடைய கண்ணுக்குப் பயந்து கட்டிய பழம். அந்தக் கம்பிதான் குத்தியது. அதனால்தான் அவள் ஏறினால் குளிர் நின்றது.

அந்த இருட்டிலேயே அவள் குருபிரசாத்துக்கு போன் செய்தாள். அத்தையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் தம்பி, ஓட்டை கிடைத்துவிட்டது என்றாள். அவள் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவன் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருக்கும்.

வந்தார்கள். நெல்லையப்பர் கோயிலுக்குக் கிளம்பியிருந்ததால் ஆச்சி பட்டுச்சேலையில் இருந்தாள், ஆதிரை பாவாடையில். இசக்கிதுரை விளக்கைப் பிடித்துக் காட்டினான். கம்பியைக் காட்டினான், காம்பைக் காட்டினான், குத்திய இடத்தைக் காட்டினான். போன வருஷம் தான் சொன்ன பேச்சையும் திருப்பி எடுத்துக்கொள்ளப் பார்த்தான்.

"கண்ணு உண்டு ஆச்சி, நானும் நம்புதவன்தான். என் கடை ஷட்டர்லயும் பழம் தொங்குது பாருங்க. ஆனா இது கண்ணு இல்ல. கம்பி குத்துன ஓட்டை."

கோமு ஆச்சி குனிந்து நன்றாகவே பார்த்தாள். பார்க்க மறுத்தாள் என்று சொன்னால் அது பொய். அந்தப் பச்சை வெளிச்சம் அவள் மூக்குத்தியில் பட்டு மினுங்கியது. பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"கம்பியக் குத்த வச்சது யாருலே?"

இசக்கிதுரை விளக்கைத் தாழ்த்தினான்.

"இத்தன நாளா பட்ட கண்ணு எல்லாத்தையும் நான் கட்டுன பழம் வாங்கி, இரும்பத் தொளச்சு உள்ள போயிருக்கு. நான் மட்டும் கட்டாம இருந்திருந்தா?" ஆச்சி பேத்தியை இழுத்துத் தன் இடுப்போடு சேர்த்துக்கொண்டாள். "எம்பிள்ளை மேலல்லா பாஞ்சிருக்கும்."

விஜயஸ்ரீ ஆச்சியைப் பார்க்கவில்லை. குருபிரசாத்தைத்தான் பார்த்தாள். அவன் இன்ஜினியரிங் படித்தவன். குனிந்து, அந்தக் கம்பி முனையை விரலால் தொட்டுப் பார்த்தவன். அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று முகமே சொன்னது. இப்போது சொல்வான், இதோ சொல்வான் என்று நின்றாள். ஒரு வார்த்தை போதும்.

"சரிம்மா, விடு. கோயில் நடை சாத்திருவாவ," என்றான். பிறகு இசக்கிதுரை பக்கம் திரும்பி, "புது கண்டென்சர் போட்டுரு துரை."

போகும்போது இசக்கிதுரை பின்னாலேயே போய், இனிமேல் கம்பி வேண்டாம் சார், கட்டித்தான் ஆகணும் என்றால் நூலில் கட்டிக் கண்ணாடியில் தொங்கவிடுங்கள் என்று தாழ்ந்த குரலில் சொன்னான். குருபிரசாத் தலையை ஆட்டினான். பழைய கண்டென்சரைக் கழற்றி, புதிதை மாட்டி, மூட்டுகளில் ரப்பர் வளையம் மாற்றி, குழாயில் இருந்த காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்து, அளவு பார்த்து கேஸ் ஏற்றிக் கொடுத்தான் இசக்கிதுரை. முதல் முறையாக அந்த வண்டிக்கு வேலையை முழுதாகச் செய்தான்.

உத்திரத்தன்று விஜயஸ்ரீ பஸ்ஸில் போனாள். பொங்கலுக்கு வேண்டிய வெல்லமும் தேங்காயும் அவள் பையில் இருந்தன. பேட்டை தாண்டும்வரை நின்றுகொண்டு போனாள், அப்புறம் இடம் கிடைத்தது. கூட்டத்தில் எவளோ ஒருத்தியின் பிள்ளை அவள் தோளில் தலை சாய்த்துத் தூங்கியது. அவள் தோளை அசைக்கவே இல்லையாம்.

சாஸ்தா கோயில் ஆற்றங்கரையில் இருக்கிறது. மருதமரத்து நிழலில் கார் நின்றது. அவளைக் கண்டதும் நித்யா வந்து பையை வாங்கிக்கொண்டாள். வஞ்சகம் இல்லாத பெண் அது, எதுவும் யோசிக்காமல் சொன்னது: "ஏ.சி. என்னா குளுருங்கீங்க அக்கா! ஆதிரைக்குத் துண்டப் போத்திக் கூட்டியாந்தோம்."

பொங்கல் அடுப்புப் பக்கம் சொந்தக்காரப் பெண்களோடு உட்கார்ந்திருந்த கோமு ஆச்சி அதைக் கேட்டாள். குளிராமல் என்ன செய்யும், இன்றைக்குத்தான் வண்டியில் ஏறவேண்டியவர்கள் மட்டும் ஏறினோம் என்றாள். ஒருத்தி அடுப்பை ஊதினாள். சரியாக்கிய ஏ.சி.யே சாட்சி சொல்லிவிட்ட பிறகு வேறு யார் என்ன பேச?

விஜயஸ்ரீ தனியே போய் மருதமரத்து வேரில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் ஆதிரை வந்தாள். பூவரச இலையில் சூடாகப் பொங்கல். ஆனால் கிட்டே வரவில்லை. எட்டி நின்றாள்.

"பெரியம்மை, நீங்க கண்ண மூடிக்கிட்டா நான் வாரேன்."

மக்கா, அந்தப் பிள்ளை மேல் கோபப்படாதீர்கள். அது ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டு வந்திருக்கிறது. ஆச்சி சொல்லையும் மீறக் கூடாது, பெரியம்மையிடமும் வரவேண்டும். அதற்குத் தெரிந்த வழி அதுதான்.

விஜயஸ்ரீ கண்ணை மூடிக்கொண்டாள். சின்னக் கால்கள் சருகில் ஓடி வருவது கேட்டது. கையில் சூடான இலை வந்தது. கன்னத்தில் ஒரு கன்னம் ஒரு நொடி ஒட்டிப் பிரிந்தது. மறுபடி சருகுச் சத்தம். அது முழுக்க அடங்கும்வரை அவள் கண்ணைத் திறக்கவில்லை.

திறந்தபோது எதிரே காரின் முகப்பு. கண்ணாடிக்கு உள்ளே புத்தம்புது எலுமிச்சையும் மிளகாயும் தொங்கிக்கொண்டிருந்தன. எழுந்து கிட்டே போய்ப் பார்த்தாள். குருபிரசாத் வண்டியிலிருந்து தண்ணீர்க் கேனை இறக்கிக்கொண்டிருந்தான்.

"கட்டுனது யாரு தம்பி, அத்தையா?"

"நாந்தான் மதினி." அவசரமாகச் சொன்னான். "கம்பி இல்ல. நூலுதான். துரை சொன்னாம்லா, கம்பி கண்டென்சரக் குத்திரும்னு."

"அப்போ, உங்களுக்குத் தெரியும்."

அவன் கேனைக் கீழே வைத்தான். மறுபடி தூக்கினான். பொங்கல் பானைப் பக்கம் போய்விட்டான்.

அவள் இலையில் இருந்த பொங்கலைத் தின்று முடித்தாள். பிள்ளை கொண்டுவந்தது, வீணாக்கக் கூடாதல்லவா? பிறகு சாஸ்தாவைக் கும்பிட்டுவிட்டு முக்கூடல் வரைக்கும் நடந்து, பஸ் ஏறினாள். பள்ளிக்கூடம் லீவு விட்டதும் மகாராஜநகரில் ஓர் அறை பார்த்துப் போய்விட்டாள். கோமு ஆச்சி வாசல்வரை வந்து, போக வேண்டாம் என்று அழுதாள். அந்த அழுகையும் பொய்யில்லை. ஆதிரை ஜன்னலில் நின்றாள். விஜயஸ்ரீ தெருமுனை திரும்பும்வரை தலையைக் குனிந்துகொண்டே போனாள். பிள்ளையைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தக் காரில் இன்றுவரை குளிர் குறையவில்லை. இசக்கிதுரை வேலை சுத்தம். ஆனால் கோமு ஆச்சியிடம் கேட்டால், மூத்தவள் வீட்டைவிட்டுப் போனதால்தான் என்பாள்.